இரண்டரைக்குச் சற்றுக் கீழே

சுற்றட்டும், ஆற அமரச் சுற்றிவிட்டு வரட்டும், நமக்கென்ன அவசரம் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டாள் அங்கயற்கண்ணி. திரையில் அந்த வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து அலுவலகம் முழுக்கப் புளிசாத வாசனை, மின்விசிறி நிமிஷத்துக்கு ஒரு தரம் க்ளுக் என்று முனகும், அதுவும் பழகிப்போயிற்று, ஒருநாள் முனகாவிட்டால்தான் என்னமோ ஏதோ என்று அண்ணாந்து பார்க்கத் தோன்றும். மீனாட்சியம்மனின் பெயரை முழுசாக வைத்துவிட்டு ஊரே அவளைக் கயலு என்றுதான் கூப்பிடுகிறது, முழுப்பெயரும் நாக்கில் நிற்பது அப்பா ஒருத்தருக்குத்தான். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புள்ளிவிவர உதவியாளர் வேலை, ஒப்பந்தம்தான், நிரந்தரமாகும் நிரந்தரமாகும் என்று சொல்லிச் சொல்லியே ஆறு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள், பிள்ளை பெறப் போனவள் எட்டு மாதப் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு இப்போது திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறாள். திருமேனி டாக்டர் காலையில் மேசைப் பக்கம் வந்து, "கயல், போன வருஷப் பிறப்பு எடை மொத்தமும் வந்திருச்சு. நார்மல் பரவல்ல உட்காருதான்னு ஒரு டெஸ்ட் போட்டுப் பாத்துரும்மா. உட்கார்ந்தாத்தான் மெட்ராஸ் அறிக்கையில சராசரியெல்லாம் தைரியமா எழுதலாம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். உட்காராமல் எங்கே போகும்? பிள்ளைகளின் எடை கடவுள் பார்த்து அளந்து விடுகிற காரியம், நடுவில் ரொம்பப் பேர், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், ஓரத்துக்குப் போகப் போக ஆளே இருக்காது, வரைந்தால் கோயில் மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி வரும். மென்பொருள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: இந்த எடையெல்லாம் அப்படி ஒரு மணிக்குள்ளிருந்து வந்தது என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு கோணல் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு? நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே வாய்ப்பு இறங்கிவிட்டால் உட்காரவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் சங்கதி, இதற்கு ஒரு படிப்பு, ஒரு பட்டம், ஒரு பட்டமளிப்பு விழாப் போட்டோ.

வளையம் நின்றது. வாய்ப்பு என்கிற இடத்தில் சைபர், புள்ளி, அப்புறம் வரிசையாகச் சைபர்கள். அட கஷ்டகாலமே. சரி, இதற்கெல்லாம் மிரளக் கூடாது, இத்தனை ஆயிரம் பிள்ளைகளை ஒரே மூச்சில் கொட்டினால் டெஸ்ட் அப்படித்தான் குதிக்கும், பெரிய கூட்டத்தில் சின்னக் கோணல்கூட அதற்குப் பெரிய குற்றமாய்த் தெரியும், கல்லூரியில் இதை மண்டையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு எடுக்கிற மாதிரி இருநூறு பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொடு என்று மென்பொருளுக்குச் சொன்னாள். எடுத்துக்கொடுத்தது. எடை என்கிற தலைப்புக்குக் கீழே இருநூறு எண்கள். எடை. இந்த வார்த்தை ஆறரை மாதமாக அவள் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இரண்டரைக் கிலோவுக்குப் பிறந்த பிள்ளை நறுமுகை. முதல் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது மூன்று கிலோ நூறு. அந்தத் தனியார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், கயலின் மாரைப் பார்த்தார், ஆமாம், பார்க்கத்தான் செய்தார், பார்த்துவிட்டு, "ஆறு வாரத்துல அறுநூறு கிராம்தான் ஏறியிருக்கு. ஒரு கிலோவாச்சும் ஏறியிருக்கணும். பால் பத்தலம்மா" என்று சொன்னார். அவ்வளவுதான், ஊரே சொல்ல ஆரம்பித்துவிட்டது. மாமியார் சொன்னாள், மாடி வீட்டுக்காரி சொன்னாள், பால்காரன்கூடச் சொன்னான், பசும்பால் விற்கிறவன் வேறென்ன சொல்வான். வீட்டுக்காரர் பாண்டிச்செல்வம் நல்ல மனுஷன், ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் சொல்லாமல் டப்பாப் பால் வாங்கிக்கொண்டு வந்து அடுப்பங்கரையில் வைத்தார். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய சொல்லாக விழுந்தது. அம்மா பால்சுறா வாங்கிப் புட்டு செய்து கொடுத்தாள், பூண்டை வேகவைத்துக் கொடுத்தாள், வெந்தயக் கஞ்சி கொடுத்தாள், தின்றாள், குடித்தாள், ஒரு தாய் தன் பிள்ளைக்குப் போதவில்லை என்றால் அப்புறம் அவள் எதற்குத்தான் போதுவாள் என்று ராத்திரியெல்லாம் அழுதாள். இருநூறு பிள்ளைகளையும் டெஸ்டுக்குள் அனுப்பினாள். மறுபடியும் உட்காரவில்லை.

"என்னடி மூஞ்சி இப்படி ஆயிருச்சு, கரண்டு போகப்போகுதா?" என்று பக்கத்து மேசையிலிருந்து சமீம் அக்கா கேட்டாள். தட்டச்சு வேலை, இந்தக் கட்டடத்தில் இருபது வருஷ அனுபவம், போதாக்குறைக்கு வெற்றிலை. ஒண்ணுமில்லக்கா, உட்கார மாட்டேங்குது என்றாள் கயல். "நாற்காலியா?" என்றாள் அக்கா. இந்த அக்காவிடம் பேசினால் வேலை விளங்கின மாதிரிதான். படம் போட்டுப் பார்க்காமல் டெஸ்டுக்குப் போனது தன் தப்பு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், முதலில் படம், அப்புறம்தான் டெஸ்ட், இதுவும் மண்டையில் குட்டிச் சொன்னதுதான். அரைக் கிலோவுக்கு ஒரு கட்டம் என்று வைத்துப் படம் போட்டாள். அழகான மணி. கண் படும் அப்படி ஒரு மணி. பிறகு என்ன கோளாறு இதற்கு? இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போமே என்று ஐம்பது கிராமுக்கு ஒரு கட்டமாகக் குறுக்கினாள், மணி கலைந்தது, கலைந்த இடத்தில் நட்டநடுவில் இல்லாமல் இடதுபுறமாக ஒற்றைப் பனைமரம் நின்றது. இரண்டரைக் கிலோவில். அதற்குப் பக்கத்திலேயே, இரண்டரைக்குச் சற்றுக் கீழே, பள்ளம். இரண்டு நானூற்றைம்பதில் பெயருக்குச் சில பிள்ளைகள். இரண்டு நானூறில் ஈயாடுகிறது. இரண்டு முந்நூறு, இரண்டு இருநூறிலும் இருக்கவேண்டிய கூட்டம் இல்லை. இரண்டு கிலோவுக்கு வந்தால் மறுபடி பிள்ளைகள் தென்படுகிறார்கள். கயலுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மூன்று கிலோவுக்குப் பிறக்கலாம், இரண்டரைக்குப் பிறக்கலாம், இரண்டே முக்காலுக்குப் பிறக்கலாம், இரண்டு நானூறுக்கு மட்டும் இந்த மாவட்டத்தில் ஒரு பிள்ளையும் பிறக்கக் கூடாது என்று எந்தச் சாமி சொல்லிவிட்டது? பெரியாஸ்பத்திரிப் பிள்ளைகளை மட்டும் தனியாகப் பிரித்துப் போட்டாள், அங்கே பள்ளமும் இல்லை, பனைமரமும் இல்லை, சுமாரான மணி. ஆரம்பச் சுகாதார நிலையங்களை மட்டும் போட்டாள், பனைமரம் இன்னும் ஓங்கி வளர்ந்தது. அப்போதே புரிந்துவிட்டது. புரிந்ததைப் புரியாத மாதிரி வைத்துக்கொண்டு அக்காவிடம் கேட்டாள், ஏங்க்கா, இந்த ரெண்டு நானூறு பிள்ளையெல்லாம் எங்க போச்சு? "எங்க போகும்," என்றாள் அக்கா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ரெண்டரைக்குப் போயிருச்சு. ரெண்டரைக்குக் கீழ எழுதுனா பெரியாஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் போடணும், தனியா விவரம் அனுப்பணும், மாசக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு பதில் சொல்லணும், ஏன் உங்க ஏரியாவுல மட்டும் பிள்ளைக வத்தலும் தொத்தலுமா பிறக்குதுன்னு அத்தனை பேர் முன்னாடி கேப்பாக. பிள்ள கையைக் கால உதைச்சுக்கிட்டு நல்லா அழுதுச்சுன்னா நர்சம்மா பாக்கும், சரி போன்னு ரெண்டரைன்னு போட்டுரும். ஒரு நர்சு சொல்லி இன்னொரு நர்சு செய்றதில்ல, எல்லாருக்கும் தானா வர்றதுதான்." அக்கா சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

முகை பிறந்தது அம்மா ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில். இந்த நினைப்பு வந்தபோது கயல் மவுஸைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இல்லை, அப்படி இருக்காது. பிரசவம் பார்த்த எஸ்தர் சிஸ்டர் அப்படிப்பட்டவர் இல்லை. அப்படிப்பட்டவர் என்றால் என்ன, திருடியா, கொலைகாரியா, நல்லவர்கள்தானே இதைச் செய்வார்கள், பிள்ளை மேல் இரக்கம் இருக்கிறவர்கள்தானே செய்வார்கள். இரண்டரை என்று அவர் சத்தமாகச் சொன்னது காதில் அப்படியே இருக்கிறது, "ரெண்டரைக் கிலோ, தங்கக்கட்டி" என்று சொன்னார், அம்மா சர்க்கரை வாங்க ஓடினாள். தராசை யாரும் பார்க்கவில்லை. அவள் படுத்துக்கிடந்த இடத்திலிருந்து தராசின் முதுகுதான் தெரிந்தது. ஒரு பேச்சுக்கு இரண்டு முந்நூறு என்று வைத்துக்கொள்வோம். மூன்று கிலோ நூறில் இரண்டு முந்நூறைக் கழித்தால் எண்ணூறு. இரண்டு இருநூறு என்று வைத்துக்கொண்டால் தொள்ளாயிரம். தொள்ளாயிரம் என்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோ, டாக்டரம்மா கேட்ட அந்த ஒரு கிலோ. அப்படியானால், அப்படியானால் என்று அதற்கு மேலே மனசு போக மாட்டேன் என்கிறது, செக்குமாடு மாதிரி அங்கேயே சுற்றிச் சுற்றி வருகிறது. இந்தக் கணக்கில் பிள்ளை குடித்தது போதவில்லை என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அந்த இரண்டரைதான். அதை உருவிவிட்டால் மிச்சமெல்லாம் வேறு சாட்சி சொல்கின்றன. இரண்டு பக்கமும் ரவிக்கை நனைந்து நனைந்து துணி வைத்துக்கொண்டு திரிந்தது, முகை குடித்து முடித்து வாயோரம் வழியவழியத் தூங்கிப்போனது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஈரத்துணி மாற்றினாள் என்று யாராவது கேட்டார்களா? டப்பாப் பாலுக்கு மாற்றின பிறகு மார் இரண்டும் கல்லாய்க் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. பால் வற்றட்டும் என்று மாமியார் குண்டுமல்லி இரண்டு முழம் வாங்கிவந்து மாரில் வைத்துக் கட்டிவிட்டாள், ஊர் வழக்கம்தான், மல்லிகை வைத்தால் பால் வற்றும். மதுரைக்காரிக்கு மல்லிகை என்றால் உயிர், அவளோ அன்றைக்கு அந்த வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். மூன்று நாள் பூ மாற்றிக் கட்டினார்கள். அடி பைத்தியக்காரி, பத்தாத பாலுக்கு எதுக்குடி பூ? இல்லாததை வற்றவைக்க எந்த ஊரில் மல்லிகை கட்டுகிறார்கள்? அன்றைக்கு இதைக் கேட்க ஏன் ஒரு நாக்கும் புரளவில்லை, தன் நாக்கு உட்பட? படித்த படிப்பு எங்கே போயிற்று? பால் பத்தாது என்பதை ஒருத்தரும் சோதித்துப் பார்க்கவில்லை, அதை நிச்சயம் என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்குத் தோதாக உட்காரவைத்தார்கள், அவளும் கூடவே உட்கார்ந்துகொண்டாள். கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே பயமும் வந்தது. ஆசையில் கணக்கை வளைக்கிறேனோ? தாய் மனசு, தனக்குச் சாதகமாய்த்தானே கூட்டிக்கழிக்கும், குற்றத்திலிருந்து தப்பிக்க ஒரு பனைமரம் கிடைத்ததும் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறேனோ? மின்விசிறி முனகியது.

சரி, வேலைக்காரியாக யோசிப்போம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். மணி ஒழுங்காக இருந்தால் இரண்டரைக் கட்டத்தில் எத்தனை பேர் இருக்கவேண்டும் என்று மென்பொருளைக் கேட்டாள், சொன்னது. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்தாள், அதைப் போல மூன்று மடங்கு. ஆகவே இரண்டரை என்று எழுதப்பட்ட மூன்று பிள்ளைகளில் இரண்டு பிள்ளைகள் இரண்டரை இல்லை. கீழே பள்ளத்தில் காணாமல்போனவர்களைக் கூட்டினாள், பனைமரத்தில் அதிகமாய் ஏறினவர்களோடு கிட்டத்தட்டச் சரியாக வந்தது. மூன்றில் இரண்டு. அப்படியானால் முகையும் அந்த இரண்டில் ஒன்றா, மிச்சம் இருக்கிற ஒன்றா? ஊர், தேதி, பெண் குழந்தை என்று தேடினால் அவள் வரியும் இதற்குள்ளே இருக்கும், தேடினாள், இருந்தது, 2.500 என்று சுத்தமாக இருந்தது, பக்கத்து வரியும் 2.500, அதற்கு மேல்வரி 3.150. அந்த எண்ணை எவ்வளவு நேரம் முறைத்தாலும் அது வாயைத் திறக்கப்போவதில்லை. டெஸ்ட் என்பது கூட்டத்தைப் பற்றிச் சொல்லும், இந்தக் கூட்டத்தில் கை பட்டிருக்கிறது என்று அடித்துச் சொல்லும், எந்தப் பிள்ளையின் மேல் பட்டது என்று கேட்டால் கையை விரித்துவிடும். அது அதன் குற்றமும் இல்லை. மூன்றில் இரண்டு என்பதை வைத்துக்கொண்டு ஒருத்தி மனசாறத் தூங்க முடியுமா? முடியாது. மூன்றில் ஒன்று ராத்திரி எழுந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்படியே விட்டுவிடலாம் என்றும் ஒரு யோசனை ஓடியது, இப்போது தெரிந்து என்ன ஆகப்போகிறது, முகை நன்றாகத்தான் இருக்கிறாள், முட்டி போட்டுத் தவழ்ந்துபோய்ச் செருப்பை வாயில் வைக்கிறாள், வற்றின பால் திரும்பி வரப்போவதில்லை. சிஸ்டர் உண்மையிலேயே இரண்டரைதான் என்று சொல்லிவிட்டால்? அப்போது இருக்கிற இந்தக் கொஞ்ச நேரத்து நிம்மதியும் போய்விடும், பால் பத்தாதவள் என்பது கல்லில் வெட்டின மாதிரி ஆகிவிடும். கேட்காமல் இருந்தால் மூன்றில் இரண்டு வாய்ப்பாவது கையில் இருக்கும். இப்படி ஒரு பேரம் மனசுக்குள்ளே நடந்துகொண்டிருக்கும்போதே டாக்டரிடமிருந்து போன் வந்தது. "என்னம்மா, உட்கார்ந்துச்சா?" உட்காரல சார், ரெண்டரைல ஒரு குவியல் இருக்கு, அதுக்குக் கீழ ஆளே கம்மி, எடையை ஏத்தி எழுதியிருக்காங்கன்னு நினைக்கிறேன் என்றாள். "கட்டத்தை அகலமா வச்சா தெரியாதில்ல?" என்றார். தெரியாது சார், ஆனா நான் குறுக்கித்தான் போடப்போறேன், அந்த ரெண்டு நானூறு பிள்ளைகளோட அம்மாமார்க்கும் ஒரு கணக்கு இருக்கும் சார் என்றாள். இவ்வளவு பேசுவாள் என்று அவளே நினைக்கவில்லை. அவர், "நேர்ல வந்து பாக்குறேன்" என்று வைத்துவிட்டார். போன் கையோடு இருந்தது. கையோடு இருக்கும்போதே எஸ்தர் சிஸ்டரின் நம்பரை அழுத்திவிட்டாள், இல்லாவிட்டால் ஜென்மத்துக்கும் அழுத்தியிருக்க மாட்டாள்.

"யாரு, கயலா? ஆண்டவரே, எத்தனை நாளாச்சு. பாப்பா எப்படி இருக்கா?" என்றார் சிஸ்டர், பின்னால் யார் பிள்ளையோ வீறிட்டுக்கொண்டிருந்தது. நல்லா இருக்கா சிஸ்டர், தவழுறா. "பல்லு?" ரெண்டு பல்லு. "சேட்டை பண்ணுவாளே." பண்ணுறா சிஸ்டர். ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்கக் கூடாது, யார்ட்டயும் சொல்ல மாட்டேன், பேரும் எழுத மாட்டேன். அன்னைக்குத் தராசுல என்ன காட்டுச்சு? பின்னால் அழுத பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டுபோகிற சத்தம் கேட்டது. சிஸ்டர் மெதுவாகப் பேசினார். "எதுக்கும்மா இப்ப? பிள்ளைக்கு எதும் இல்லையே?" இல்ல சிஸ்டர். சத்தியமா இல்ல. எனக்குத் தெரியணும். "ரெண்டேகால்கூட வரலம்மா. ரெண்டு எரநூறு. ரெண்டு தடவை வச்சுப் பாத்தேன், அதான் மறக்கல. எழுதுனா பிள்ளையப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி கண்ணாடிப் பெட்டியில வச்சிருவாக, உன்னைய வெளிய வராண்டாவுல உட்காரவச்சிருவாக. உன் மக என்னடான்னா பிறந்து அரைமணிகூட ஆகல, உன் மாருல வாய வச்சவ எடுக்கவே இல்ல, அப்படி மடக்மடக்குன்னு குடிக்கிறா. இப்படிக் குடிக்கிற பிள்ளையவா பிரிக்கிறதுன்னு மனசு கேக்கல, ரெண்டரைன்னு போட்டேன். தப்புத்தான். உனக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன் கயலு, நீ பிள்ளைக்கு வயிறாரப் பால் குடுக்கட்டுமேன்னு." கயல் அழவில்லை, அழுகை வரும் என்று காத்திருந்து பார்த்தாள், வரவில்லை, ஆறரை மாதமாக அந்த முள் நின்ற இடம் காலியாகிக் கிடந்தது, அந்தக் காலியான இடம்தான் வலித்தது. "என்னம்மா, லைன்ல இருக்கியா? ஏதாச்சும் சொல்லும்மா, எனக்குப் பயமா இருக்கு" என்றார் சிஸ்டர். "எனக்குப் பால் இருந்துச்சு சிஸ்டர்" என்றாள் கயல். அந்தப் பக்கத்தில் ஒன்றும் விளங்காமல், "ஆமாம்மா, இருந்துச்சே, அதுக்கென்ன?" என்றார் அவர். அதற்கென்ன என்று சொல்ல ஆரம்பித்தால் எங்கே முடியும்? "இருந்துச்சு," என்று மறுபடியும் சொன்னாள், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, சமீம் அக்கா தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, என்னடி இருந்துச்சு என்று கேட்க வாயெடுத்தவள், அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்காமல் எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள்.